அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள்

பிப்ரவரி 3

நுழைவுச்சீட்டு நிறுவனத்தின் கடிதப் பிரிவுக்கு,

வணக்கம். அங்கே எல்லோரும் நலமா? இங்கே நான் நலம், கோபத்தைத் தவிர.

நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருடமாக ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருவரிடமாவது வசதிக் கட்டணம் என்று கை நீட்டியிருப்பேனா?

எங்கள் பாட்டுக்காரம்மா ஜூன் ஆறாம் தேதி கடைசியாக மேடை ஏறுகிறார். காலை பத்து மணிக்கு விற்பனை என்றீர்கள். ஒன்பதே முக்காலுக்கே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பத்தடித்ததும் பார்த்தால் என் வரிசை எண் முப்பத்தோராயிரத்துச் சொச்சம். அதென்ன வரிசை? முன்பெல்லாம் அரங்கத்து ஜன்னலில் நின்றால் முன்னால் நிற்பவனைத் திட்டவாவது முடியும். இங்கே ஒரு முதுகு கூடத் தெரியவில்லை.

மதியம் இரண்டரைக்கு என் முறை வந்தது. சீட்டுக்கு ஒரு விலை. அதன் தலைமேல் சேவைக் கட்டணம். அதன் தலைமேல் வசதிக் கட்டணம். கடைசியில் 'வீட்டிலேயே அச்சிடும் கட்டணம்'. காகிதம் என்னுடையது, மை என்னுடையது, நின்றுபோன அச்சுப்பொறியைத் தட்டி ஓட வைத்த கையும் என்னுடையது. பிறகு உங்களுக்கு எதற்கய்யா கட்டணம்?

அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். என் வழக்கு அதுவல்ல. அடுத்தடுத்த இருக்கைகள் குடும்பத்தினருக்கு மட்டும்தான் என்று உங்கள் கணினி சொன்னது. என்ன உறவு என்று கேட்டது. மருமகள் என்று அழுத்தினேன். அந்தத் திருமணம் நடப்பில் உள்ளதா என்று கேட்டது. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இல்லை என்று அழுத்தினேன். உடனே சிவப்பு எழுத்தில் 'இந்த உறவு செல்லாது' என்று வந்துவிட்டது. எனக்கு ஒன்பதாவது வரிசை, அவளுக்கு முப்பத்தோராவது வரிசை. கச்சேரி கேட்கவா, கடலுக்கு இரண்டு கரையில் நிற்கவா?

உங்கள் அரட்டைப் பெட்டியில் முறையிட்டேன். 'உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி' என்று மூன்று முறை மகிழ்ந்துவிட்டுப் போய்விட்டது. அதனால்தான் தபால்தலை ஒட்டுகிறேன். படிக்க ஒரு மனிதர் இருப்பார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.

குடும்ப இருக்கைத் திட்டம், நடப்பிலுள்ள உறவுகளுக்கு மட்டுமே பொருந்தும். தாங்கள் குறிப்பிட்ட நபர் தங்கள் குடும்ப உறுப்பினர் அல்லர் என்பதால் இருக்கைகளை மாற்றித் தர இயலாது. கட்டணங்கள் குறித்த விளக்கம் எங்கள் இணையதளத்தில் உள்ளது.

தங்கள் ஆதரவுக்கு நன்றி.

கடிதப் பிரிவு


பிப்ரவரி 21, மாலை
(அனுப்பப்படாதது)

மாமா,

நலமா? அனுப்பப் போகாத கடிதம் என்பதால் தைரியமாகக் கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் லிஃப்ட் குழிக்குள் நீங்களே இறங்குகிறீர்களா?

இந்த நிறுவனத்தில் நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கடிதப் பிரிவு என்றால் பெரிய அலுவலகம் என்று நினைத்திருப்பீர்கள். ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அவ்வளவுதான். அந்த மேசையில் நான் ஒருத்திதான். வாரத்துக்கு மூன்று கடிதம் வந்தால் அதிகம். இந்தக் காலத்தில் யார் மெனக்கெட்டுக் கடிதம் போடுகிறார்கள், உங்களைத் தவிர?

உறையைப் பார்த்ததுமே நீங்கள் என்று தெரிந்துவிட்டது. முகவரியை ஏதோ பழுது ரசீது எழுதுவதுபோல் அழுத்தி அழுத்தி எழுத உங்களால்தான் முடியும். இரண்டு வாரம் அந்த உறையை மேசைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

உறவினருடைய புகார் வந்தால் மேலாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது இங்கே விதி. படிவத்தில் 'எழுதியவர் உங்கள் உறவினரா' என்று ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று குறித்துவிட்டு உங்கள் கடிதத்தை நானே வைத்துக்கொண்டேன். கணினியே சொல்லிவிட்டதே, செல்லாது என்று.

'தங்கள் குடும்ப உறுப்பினர் அல்லர்' என்று என்னைப் பற்றி நானே தட்டச்சு செய்து, அதன் கீழே முத்திரையும் குத்தினேன் மாமா. அழக்கூட நேரமில்லை. தபால்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.


மார்ச் 2

கடிதப் பிரிவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். பதில் போட்டதற்கு நன்றி. பதிலைப் படித்துத்தான் வயிறு எரிந்தது.

குடும்ப உறுப்பினர் அல்லர் என்று முடிவு கட்ட நீங்கள் யார்? விவாகரத்து வாங்கியது என் மகனும் அவளும். அவர்கள் இரண்டு பேருக்கும் நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தது. எனக்கு எந்தக் காகிதமும் வரவில்லை. நான் எந்தக் கையெழுத்தும் போடவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பிறகு எப்படி அவள் எனக்கு இல்லாமல் போவாள்?

எங்கள் வீட்டில் பாட்டு என்றால் ஓடுகிறவர்கள்தான் எல்லோரும். என் வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொள்வாள். என் மகன் கதவைச் சாத்திக்கொள்வான். அவள் வந்த முதல் மாதம், நான் வானொலியைத் திறந்ததும் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "மாமா, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்களேன்" என்றாள். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு மகள் பிறந்தாள், போதுமா?

நான்கு வருடம் ஒரு கச்சேரி விடவில்லை. விடியும் முன்பே போய் ஜன்னலில் வரிசை பிடிப்போம். நான் தேநீர் வாங்கப் போனால் அவள் இரண்டு இடத்தையும் காப்பாள். இடையில் நுழையப் பார்த்த ஒரு தடியனை வாயாலேயே துரத்திவிட்டாள் ஒருமுறை.

இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கோடியில் இருந்தாலும் இந்தக் கடைசிக் கச்சேரிக்கு வருவாள் என்று மட்டும் தெரியும். அவள் வந்து உட்கார என் பக்கத்தில் இடம் வேண்டும். எனக்கு முழங்கால் வேறு மக்கர் செய்கிறது, அதையும் கவனத்தில் கொள்ளவும்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


மார்ச் 10

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி.

தங்கள் முறையீடு மறுபரிசீலனை செய்யப்பட்டது. எங்கள் விதிமுறைகள் முழுவதையும் வரிக்கு வரி படித்துப் பார்த்ததில், மருமகள் என்ற உறவு எந்தத் தேதியில் முடிவடைகிறது என்று எங்கும் குறிப்பிடப்படவில்லை. ஆகவே அது தொடர்வதாகவே கொள்ளப்படுகிறது. மேலாளரும் ஒப்புதல் அளித்துள்ளார்.

பன்னிரண்டாவது வரிசையில் அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. இடது முழங்காலை நீட்டி உட்கார வசதியாகத் தங்களுக்கு நடைவழி ஓரம் தரப்பட்டுள்ளது. புதிய சீட்டுகள் இரண்டும் இத்துடன் உள்ளன. கூடுதல் கட்டணம் இல்லை.

கடிதப் பிரிவு


மார்ச் 15

கடிதப் பிரிவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன்.

முழங்கால் என்றுதான் எழுதியிருந்தேன். இடதா வலதா என்று எழுதவில்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், இடதுதான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் விதிகள் இருக்கும், யாருடைய வேலைக்கும் என்னால் குந்தகம் வரக்கூடாது. ஆனால் ஒன்று விசாரிக்கலாம் அல்லவா? கடிதப் பிரிவு நேரத்துக்குச் சாப்பிடுகிறதா? தலைவலி வந்தால் மாத்திரை போடாமல் சமாளிக்கும் பழைய பிடிவாதம் இன்னும் இருக்கிறதா? தங்கியிருக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கிறதா?

இரண்டாவது சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் முகவரி எனக்கு வேண்டாம். கண்டுபிடித்து அவளிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. சேவைக் கட்டணம் வாங்குகிறீர்களே, அந்தச் சேவையைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


ஏப்ரல் 12

கடிதப் பிரிவுக்கு,

வணக்கம். நலமா? நான்கு வாரமாகப் பதில் இல்லை.

நான் அதிகப்பிரசங்கித்தனமாக எதையாவது எழுதியிருந்தால் மன்னிக்கவும். மாத்திரையைப் பற்றி எழுதியிருக்கக்கூடாது. முழங்காலைப் பற்றியும் எழுதியிருக்கக்கூடாது. எழுதிவிட்டு என் தலையிலேயே நான் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி "என்னங்க, கொசுவா?" என்றாள்.

சீட்டு வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். முத்திரை குத்திய வெறும் உறை வந்தாலும் போதும்.

லிஃப்ட் மெக்கானிக்


ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

வணக்கம். தாமதத்துக்கு வருந்துகிறோம். தாங்கள் எழுதியதில் மன்னிக்க வேண்டியது எதுவும் இல்லை.

சம்பந்தப்பட்டவர் சீட்டைப் பெற்றுக்கொண்டார். அவர் நிகழ்ச்சிக்கு வருவாரா என்பதை நிறுவனத்தால் உறுதி கூற இயலாது. வர விருப்பம் இருப்பதாக மட்டும் அறிகிறோம்.

கடிதப் பிரிவு நேரத்துக்குச் சாப்பிடுகிறது. அறைக்கு இரண்டு ஜன்னல்கள் உள்ளன.

கடிதப் பிரிவு


மே 4

கடிதப் பிரிவுக்கு,

வணக்கம். இரண்டு ஜன்னல் என்று படித்ததும் நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்தக் கடிதத்திலும் ஒரு புகார் இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் கோப்பில் ஏறாது. ஆகவே: என்னிடம் இருக்கும் சீட்டில் 'நன்றி' என்ற எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது. கட்டணம் மட்டும் கொட்டை எழுத்தில். கண்டிக்கிறேன். புகார் முடிந்தது.

இனி வேறு விஷயம். அவளிடம் சேர்த்துவிடுங்கள்.

அவள் போன அன்று நான் ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலையில் மாட்டியிருந்தேன். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஆறு பேர் சிக்கியிருந்தார்கள். அவர்களை வெளியே எடுத்துவிட்டு ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன். வாசலில் அவள் செருப்பு இல்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்து, அந்த வீரப்பிரதாபத்தை அவளிடம் சொல்வதற்காக எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் என் வீட்டுக்காரி சொன்னாள்.

எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. இருந்தது, ஒரு வருடம். அவனுக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஊமையாகத் திரிந்ததை நானும்தானே பார்த்தேன். அவன் இப்போது கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டான். வாரம் ஒருமுறை கூப்பிட்டு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

நேற்று என் வீட்டுக்காரி சீட்டைப் பார்த்துவிட்டாள்.

"யாரோட போறீங்க கச்சேரிக்கு?"

"மருமகளோட."

"எந்த மருமக?"

"எனக்கென்ன பத்தா இருக்கு? ஒண்ணுதானே."

அவள் சீட்டை மேசைமேல் வைத்தாள். பிறகு, "வெளுத்துப்போன சட்டையைப் போட்டுக்கிட்டுப் போய் நிக்காதீங்க" என்றாள். புதுச்சட்டை எடுத்திருக்கிறேன்.

ஜூன் ஆறாம் தேதி மூன்று மணிக்கே வந்துவிடுவேன்.

லிஃப்ட் மெக்கானிக்


ஜூன் 7

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேற்று உங்களைப் பார்த்துவிட்டேன்.

இது அலுவலகத் தாள் இல்லை. முத்திரையும் இல்லை. உறையின் பின்பக்கம் என் முகவரி இருக்கிறது. இதனால் வேலை போனால் போகட்டும்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்குப் பாட்டுக்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்றார்கள். நிகழ்ச்சி ரத்து. வேறு தேதியும் கிடையாது, மருத்துவர் இனி பாடவே கூடாது என்றுவிட்டாராம். எல்லோருக்கும் கைபேசியில் செய்தி போனது. சீட்டு விலை திரும்ப வரும், சேவைக் கட்டணம் திரும்ப வராது என்ற அந்தப் புகழ்பெற்ற வாசகத்தோடுதான். நீங்கள் செய்தியைத் திறந்து பார்க்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுத் தொலைபேசி எண் மனப்பாடம். ஐந்து எண் அழுத்தினேன், ஆறாவது எண்ணில் கை நின்றுவிட்டது. அத்தை எடுத்தால் என்ன சொல்வது? அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

மூன்று மணிக்குப் பேருந்தை விட்டு இறங்கினால் எதிரே அரங்கம். பூட்டிய கேட் முன்னால் ஒரு கூட்டம் எங்கள் நிறுவனத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். நீங்கள் மட்டும் கத்தவில்லை. சுவரோரத் திண்டில் உட்கார்ந்திருந்தீர்கள். நீலச் சட்டை நன்றாக இருந்தது. பக்கத்தில் குடையைப் படுக்க வைத்து இடம் பிடித்திருந்தீர்கள். ஒரு அம்மா வந்து உட்காரப் பார்த்தார். நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொன்னீர்கள், அவர் போய்விட்டார். கச்சேரி இல்லை என்று அதற்குள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் குடையை எடுக்கவில்லை.

சாலையைக் கடந்தால் இருபது தப்படிதான். என்னால் கடக்க முடியவில்லை மாமா.

பயமோ வெட்கமோ இல்லை. அன்றைக்கு உங்களிடம் சொல்லாமல் போனேனே, ஏன் தெரியுமா? சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். அந்த வீட்டை விட்டு வந்தது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. உங்களை விட்டு வந்ததைத்தான் மூன்று வருடமாக யாரிடமும் சொல்ல முடியவில்லை. புருஷனைப் பிரிந்தேன் என்றால் ஆறுதல் சொல்ல ஆள் இருக்கிறது. மாமனாரை நினைத்து ஏங்குகிறேன் என்றால் சிரிப்பார்கள். பாட்டு ஒலிக்கிற கடை வாசலில் நான் நிற்பதே இல்லை. இரண்டு பேராகக் கேட்ட பாட்டை ஒற்றை ஆளாகக் கேட்க முடியவில்லை.

நேற்று அந்தக் குடையை எடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்தால், மறுபடி எழுந்து போக வேண்டியிருக்கும். நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இன்னொரு முறை அதை எப்படிச் செய்வது என்று தெரியாமல் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றேன். ஐந்தரைக்கு நீங்கள் எழுந்தீர்கள். இடது காலை இழுத்து இழுத்து நடந்து போனீர்கள். முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

என்னை மன்னிக்க வேண்டாம், திட்டி ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் திட்டைப் படித்தும் நாளாகிவிட்டது.

உங்கள்,
மருமகள்


ஜூன் 11

அம்மாடி,

நான் நலம். உன் அத்தையும் நலம். நீ நலமாக இல்லை என்று தெரிகிறது.

திட்டச் சொன்னாய் அல்லவா, வாங்கிக்கொள். மடச்சி! இரண்டரை மணி நேரம் நீயும் வெயிலில் நின்றாயா? குடைதான் என்னிடம் இருந்ததே.

நான் உன்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டிருப்பேனா? வந்து நின்ற ஒவ்வொரு பேருந்தாகப் பார்த்தேன். ஒரு பெரிய லாரி நடுவில் நின்று கண்ணை மறைத்தது, அந்தப் பாழாய்ப்போன நேரத்தில்தான் நீ இறங்கினாய் போலிருக்கிறது. கச்சேரி இல்லை என்று போன உடனேயே தெரிந்துவிட்டது. பாட்டு கேட்கவா அம்மா நான் நான்கு மாதம் உங்கள் நிறுவனத்தோடு மல்லுக்கு நின்றேன்? பாட்டு வானொலியில் தினமும்தான் வருகிறது. நான் போட்டு அடுத்த நிமிடமே அணைத்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து புதுச்சட்டையைக் கழற்றி மாட்டினேன். உன் அத்தை என்னைப் பார்த்துவிட்டுத் தட்டு எடுத்து வைத்தாள். உன் கடிதம் வந்ததும் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். "எந்த வீட்டிலயாவது இப்படி நடக்குமா?" என்றாள். பிறகு, "எழுதறதை நல்லா எழுதுங்க, புரியற மாதிரி" என்றாள்.

எழுந்து போக வேண்டியிருக்குமே என்று பயந்தாயாம். எழுந்து போகாமல் யாரம்மா இருக்கிறார்கள்? எல்லோரும் ஒரு நேரம் வந்தால் எழுந்துதான் போகிறோம். நீ அன்றைக்குப் போனது எனக்கு வலிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய், அதுதான் வலித்தது. வா, உட்கார், பேசு. நேரமானதும் எழுந்து "போய்ட்டு வரேன் மாமா"ன்னு சொல்லு. அதைக் கேட்கத்தான் மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி, அதே அரங்கம். உள்ளே எதுவும் இருக்காது, வாசலும் பூட்டியிருக்கும். அதற்காக யாரும் நம்மிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

நீ வரும் பேருந்து எதிர்ப்பக்கம்தான் நிற்கும். இறங்கிய இடத்திலேயே நில். நீ சாலையைக் கடக்க வேண்டாம். நான் கடந்து வருகிறேன்.

மாமா